அமாவாசைக்குக் கரைக்கச் சொன்ன நாவல்

என் நாவலைப் படித்தவர்களில் பாதிப் பேர்மேல் நான் கைநீட்டாமல் விட்டதே பெரிய விஷயம். கோபக்காரி என்று வீட்டில் எனக்குப் பெயர். வாசகர் கருத்தை எழுத்தாளர் தலைவணங்கி ஏற்க வேண்டுமாம், எந்த மேடையில் ஏறினாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏற்கிறேன் சாமி, ஏற்கிறேன். முதலில் படித்துவிட்டு வரட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். லாரி வந்தால் சரக்கை இறக்கி அடுக்க வேண்டும், உற்பத்தி லைனிலிருந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். மிச்ச நேரத்தில் எழுதியதுதான் அந்த நாவல். அதில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. சர்ச்சில் அவளுக்கு ஒரு பெயர், சர்டிபிகேட்டில் வேறு பெயர். எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆபீசில் கேட்டால் ஒன்று, ஆண்டவரிடம் போனால் இன்னொன்று என்று பெரியவர்கள் பழகிவிட்டார்கள். அவளால் பழக முடியவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. போகப் போகச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை. அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் கிடையாது, நோய் என்று வீட்டாருக்கு உறைப்பதற்குள் பக்கங்கள் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் கதை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

திருவள்ளூரில் வாசகர் வட்டம் ஒன்று என்னைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் எழுந்தார். "எங்க காலத்துல இந்த டிப்ரஷன்லாம் ஏதும்மா? ரெண்டு அறை விட்டா எழுந்து ஓடியிருப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "உங்கள யாராவது அப்படி அறைஞ்சிருக்காங்களா சார்?" என்று கேட்டேன். "அறையாம? எங்க நைனா தினம் அறைவாரு" என்றார் பெருமையாக. "தெரியுது சார்" என்றேன். அதோடு அந்த வட்டத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் போன் செய்தார். நாவலை இரண்டாம் முறையும் படித்து முடித்துவிட்டாராம். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது. "எல்லாம் நல்லாத்தான் எழுதிகீறீங்க மேடம். ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு இன்னா ஜாதின்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்றார். அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்த பக்கங்களில் இந்த மனிதர் சாதியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அவர் பங்குக்கு அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டிவிட்டு, "என்னைப் பத்தி எங்கயும் இல்லியே?" என்றார். "நீங்க வர்றதா இருந்தா அத்த காமெடி நாவலாத்தான் எழுதணும்" என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். இணையத்தில் ஒரு பையன் நீளமாக விமர்சனம் எழுதியிருந்தான். இந்த நோயை உள்ளிருந்து அறியாத ஒருவர் வெளியே நின்று எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தான். அடப்பாவி! பதினாறு வயதில் பிளஸ் ஒன் பரீட்சைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள் நான். இன்றைக்கும் காலையில் நாஷ்டா முடித்த கையோடு மாத்திரை போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். ஒருமுறை நன்றாகிவிட்டோமே என்று நானாக நிறுத்திப் பார்த்ததில், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தேன். டாக்டர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இது என் வீட்டுக்குத் தெரியும். கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் லைனில் ஒரு பையன் அடிக்கடி லீவு போட்டான் என்பதற்காகவே அவனுக்கு மெண்டல் என்று பெயர் வைத்தார்கள், அவன் வேலையை விட்டுப் போகும்வரை அந்தப் பெயர்தான். ஸ்டோர்ஸ் சாவி என் கையில் இருக்கிறது. மெண்டல் கையில் யாராவது சாவி கொடுப்பார்களா? அதனால் யார் "சொந்த அனுபவமா மேடம்?" என்று கேட்டாலும், கற்பனைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து எப்போதும்போல நடந்தது. மேனேஜருக்குத் திடீரென்று என் நாவல்மேல் பாசம் பொங்கிவிட்டது. கம்பெனிச் செலவில் ஒரு கட்டு வாங்கி, பெரிய மெஷினுக்கு முன்னால் அடுக்கி, அதற்கும் கற்பூரம் காட்டி, பொரி கடலையோடும் ஸ்வீட் பாக்ஸோடும் லைனில் ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னார். "நம்ம ஸ்டோர்ஸ் மேடம் எழுதின தன்னம்பிக்கை நூல்" என்று மைக்கில் வேறு அறிவித்தார். தன்னம்பிக்கையாம்! அந்த மனிதர் முதல் பக்கத்தைக்கூடத் திறந்திருக்கவில்லை. சால்வை போட்டார், வாங்கிக்கொண்டு நின்றேன்.

பேக்கிங்கில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கும் அப்படி ஒரு பிரதி போனது. என் வயதுதான் இருக்கும். சொந்தத்தில் நிலமில்லாமல் ஊரார் வயலில் நடவு நட்ட குடும்பம், கம்பெனிகள் வந்த பிறகு இங்கே வந்தவர். பூஜையில் வைத்துக் கொடுத்த புத்தகமாயிற்றே என்று அதை வீட்டில் சாமி அலமாரியில் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்தார். பிளஸ் ஒன் படிக்கிற மகள் அதை எடுத்துப் படித்தாள். சாமி புத்தகம் படிக்கிறாளே என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை.

படித்து முடித்துவிட்டு அந்தப் பெண், "எம்மா, எனுக்கும் இப்டித்தான் கீது" என்றிருக்கிறாள். கொஞ்ச நாளாகவே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போவதில்லை. போனைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போகிறாள் என்று அம்மா போனைப் பிடுங்கி வைத்திருந்தார். இப்போது பெண்ணே வாய்திறந்து சொன்னதால், வகுப்பு டீச்சரிடம் விஷயம் போய், டீச்சர் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். மெல்ல மெல்லப் பெண் தலைவார ஆரம்பித்தாள், சாப்பிட உட்கார்ந்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

இதையெல்லாம் அந்த அம்மாவே ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து என்னிடம் சொன்னார். "உங்க புக்க படிச்சிதான் மேடம் அவ வாயத் தொறந்தா. நீங்க நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த விமர்சனங்களிலேயே நான் மூச்சு விடாமல் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றைக்கு முழுக்க யாரையும் திட்டவில்லை. என் உதவியாளருக்கே சந்தேகம் வந்து, "உடம்பு சரியில்லியா மேடம்?" என்று கேட்டார்.

பொங்கலுக்கு அந்த அம்மாவின் நாத்தனார் வந்து போனார். அதோடு எல்லாம் தலைகீழாகிவிட்டது. சுகருக்கு மாத்திரை ஊசி என்று இருக்கிற அந்த நாத்தனார் சொன்னாராம்: அந்த புக் வீட்டுக்குள் வருகிறவரை பெண் நன்றாகத்தானே இருந்தாள், அதைப் படித்த பிறகுதானே எனக்கு நோய் என்றாள், அப்படியானால் நோய் அந்த புக்கில்தான் வந்திருக்கிறது. மாத்திரை போட்டால் உடம்பு ஊதிவிடும், பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், எவன் வந்து கட்டுவான்? கேட்டீர்களா நியாயத்தை! ஜுரம் என்று காட்டிக்கொடுத்ததால் தெர்மாமீட்டர்தான் ஜுரத்தைக் கொண்டுவந்தது என்பதுபோல.

ஒரு நாள் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அம்மா போனில் இருந்த கம்பெனி வாட்ஸப் குழுவிலிருந்து அந்தப் பெண்ணே என் எண்ணை எடுத்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, பேக்கிங்ல வேல செய்றாங்கல்ல, அவங்க பொண்ணு பேசறேன். எங்கம்மா மாத்திரைய எடுத்து ஒளிச்சி வெச்சிக்கினாங்க. கேட்டா அடிக்கிறாங்க. எனுக்கு மறுபடியும் காலைல எய்ந்துக்கவே முடியல ஆன்ட்டி. பயமா கீது. நீங்க சொன்னா கேப்பாங்க."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எந்த நிலையிலிருந்து பேசுகிறாள் என்று எனக்கா தெரியாது? எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கேட்டேன். இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள் என்றார். டீச்சரும் ஏற்கனவே பேசிப் பார்த்திருந்தார். இன்னொரு தரம் கேட்டால் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவேன் என்று அம்மா சொன்னதாக டீச்சர் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

மறுநாள் கேன்டீனில் அந்த அம்மாவைப் பிடித்தேன். பக்குவமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போனேன். என் வாய் என் பேச்சை எங்கே கேட்கிறது?

"புள்ளைக்கு மாத்திரைய ஏம்மா நிறுத்தனீங்க? அறிவு கீதா உங்களுக்கு?"

"எம் பொண்ணு, எனுக்குத் தெரியும் மேடம்."

"இன்னா தெரியும்? அவ மறுபடியும் படுத்துட்டா, அது தெரியுமா?"

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "எல்லாம் உங்க புக்கால வந்த பேஜாரு. அது ஊட்டுக்கு வர்ற வரிக்கும் அவ நல்லாத்தான் இருந்தா. நோயி நோயின்னு எழுதி எம் புள்ள மனசுல பூத்தி வெச்சிட்டீங்க. பூஜைல வெச்சிக் குடுத்ததாச்சே, குப்பைல போட எனுக்குக் கை வரல. கொளுத்தவும் பயமா கீது. இத்த கரைச்சாத்தான் போவும். குடுத்தவங்க கையாலதான் கரைக்கணும்."

திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தைத்தான் சொல்கிறார். அமாவாசைக்கு அங்கே கூட்டம் அலைமோதும். உடம்புக்கு முடியாதவர்கள் வெல்லம் வாங்கிக் குளத்தில் கரைத்து, இது கரைகிற மாதிரி என் நோயும் கரையட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். எங்கள் மாவட்டத்தில் சாமி வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் போயிருப்பார்கள். ஆனால் நாவலைக் கரைக்கப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"வர்ற அமாவாசை ஞாயித்துக்கிழமை" என்றார் அந்த அம்மா. "நீங்க வந்து உங்க கையால கரைச்சிட்டு, எல்லாம் பொய்யி, அப்டி ஒரு நோயே இல்லன்னு எம் பொண்ணு மூஞ்சப் பாத்து சொல்லணும். சொன்னா மாத்திரைய நானே அவ கைல குடுக்கறேன். பெருமாள் மேல சத்தியம்."

"நோயே இல்லன்னா அப்புறம் மாத்திரை எதுக்குமா?"

"டாக்டர் தைரியத்துக்குன்னு குடுத்தாருன்னு நெனச்சிக்கறோம். உனுக்கு இன்னா அதப் பத்தி?"

மேடம் போய் நீ வந்துவிட்டது. சுற்றி எல்லோரும் சோற்றில் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைத் தூக்கி வீசியிருப்பேன். நான்கு வருடம் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக, என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டி எழுதியதை நானே பொய் என்று சொல்ல வேண்டுமாம்! முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. "வர்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுவாயலில் மூன்று பேரும் பஸ் ஏறினோம். அந்தப் பெண்ணை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டிருந்தார் அம்மா. ஜன்னலில் சாய்ந்தவள் பெரியபாளையம் தாண்டியும் கண்ணைத் திறக்கவில்லை. எதற்காகப் போகிறோம் என்று அம்மா அவளிடம் சொல்லியிருக்கவில்லை, என்னையும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் என் நாவலும் மாத்திரை அட்டையும். வழியெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. துணிச்சலான எழுத்து என்று என்னைப் பாராட்டியவர்களெல்லாம் வந்து பார்க்கட்டும், எழுதியவளின் துணிச்சல் எந்த லட்சணத்தில் பஸ்ஸில் போகிறது என்று.

குளத்தங்கரையில் நிற்க இடமில்லை. படியெல்லாம் வெல்லப் பிசுக்கு. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. அந்த அம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அட்டையில் என் பெயர் தெரியாத அளவுக்குக் குங்குமம். நான் குனிந்ததுதான் தாமதம், மேல்படியில் நின்ற காவலாள் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, ஏம்மா! பேப்பரெல்லாம் கொளத்துல போடாதீங்க!"

"சாமி புக்குபா" என்றார் அந்த அம்மா.

"எந்த சாமி புக்கா இருந்தா இன்னா? வெல்லம் மட்டுந்தான். அத்த உள்ள வெய்யி மொதல்ல."

என்னை மீறிச் சிரித்துவிட்டேன். என் நாவலுக்கு ஆதரவாக ஒருவர் விசில் ஊதியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா என்னை முறைத்த முறைப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துவிட்டு, ஒரு கட்டி வெல்லத்தை என் உள்ளங்கையில் வைத்தார். "சரி, இத்தயே கரைச்சிக்கினே சொல்லு" என்றார்.

தண்ணீருக்குள் கையை விட்டேன். பக்கத்தில் அந்தப் பெண் குந்தியிருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில்தான் அவள் முகம். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

"அந்த புக்குல இருக்கறது எல்லாம் பொய்ம்மா" என்றேன். "நான் சும்மா கட்டி எழுதனது. அப்படி ஒரு நோயே கிடையாது. அந்த மாதிரி யாருமே இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை. எதிர்த்துக் கேட்கவுமில்லை. மெல்லக் கேட்டாள்: "அப்போ எனுக்கு மட்டுந்தானா ஆன்ட்டி?"

ஐயோ! எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கத்தல் வந்ததோ தெரியாது.

"யாருடி சொன்னது ஒனக்கு மட்டும்னு? எனக்கும்தான்! ஒன் வயசுலேர்ந்து எனக்கும் கீது. இன்னிக்குக் காலைலகூட மாத்திரை துன்னுட்டுத்தான் பஸ்ஸு ஏறனேன். புக்குல எழுதனது அத்தனையும் நெஜம். எவ பொய்னு சொல்லச் சொன்னாலும் நெஜந்தான்!"

சுற்றி நின்றவர்கள் வெல்லத்தைக் கரைப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அதில் எங்கள் கம்பெனி ஆட்கள் இருந்தாலும் இருந்திருப்பார்கள், பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டுவார், பெண்ணை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் ஈரப் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

"உனுக்குமா? அப்போலேர்ந்தா?" என்றார். "இத்தினி வருசமா துன்னும் போவலியா? அப்போ எம் பொண்ணுக்கு இது போவவே போவாதா?"

தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். இத்தனை நாள் அவருக்கு என் நாவல்மேல் இருந்த கோபமெல்லாம் இந்தப் பயம்தான் என்று அப்போது தெரிந்தது. தெரிந்து என்ன, ஆறுதலாக நான்கு வார்த்தை சொல்ல எனக்கு வரவேண்டுமே. எனக்கு வந்தது இதுதான்:

"போவலன்னா இன்னா இப்போ? ஒன் நாத்தனாருக்கு சுகர் கீதுல்ல? அவங்கள மாத்திரைய நிறுத்திட்டு இங்க வந்து வெல்லம் கரைக்கச் சொல்லேன் பாக்கலாம்! அவங்க மட்டும் ஊசி மாத்திரையெல்லாம் வேளா வேளைக்குப் போட்டுக்குவாங்க, ஒம் பொண்ணு மட்டும் கொளத்தங்கரைல குந்திக்கினு இருக்கணுமா? அவளுக்குப் போவுமோ போவாதோ, எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட கேளு. ஆனா மாத்திரைய ஒளிச்சி வெச்சா நான் சும்மா இருக்க மாட்டேன். தெனம் ஒன் ஊட்டு வாசல்ல வந்து நின்னு கத்துவேன்!"

இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது, அந்தப் பெண் மஞ்சள் பைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்திருந்தாள். அம்மா தடுக்கவில்லை. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தாள். பிறகு அம்மாவை ஒட்டி ஈரப் படியில் உட்கார்ந்து, அவர் முந்தானையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அய்வாதம்மா" என்றாள். "இத்தினி வருசமா மாத்திரை துன்னுக்கினு எப்டி சண்ட போடறாங்க பாரு."